படைப்பணி முடித்து அமெரிக்கக் கல்லூரிக்குத் திரும்ப

படிப்பைப் பாதியில் விட்டு அமெரிக்கப் படைக்குப் போனவர், பணி முடிந்த 3 ஆண்டுக்குள் திரும்பி வருவதாகக் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். மொத்தப் பணிக்காலம் 5 ஆண்டைத் தாண்டாவிட்டால், விட்ட நிலையிலேயே சேர்த்துக்கொள்ளும்படி கேட்கக் கூட்டாட்சிச் சட்டம் உரிமை தருகிறது. அவசரப்பட்டுப் புது மாணவராக விண்ணப்பிக்காதீர்கள்.

படையில் பணியாற்றியவர்களின் படிப்புச் செலவுக்கான அரசுத் திட்டம் போஸ்ட் 9/11 ஜிஐ பில். அந்த உதவிக்கு முன்னாள் படைவீரர் துறையிடம் 22-1990 படிவத்தில் விண்ணப்பியுங்கள். தகுதிச் சான்றிதழ் வந்ததும் கல்லூரியின் சான்றளிப்பு அலுவலரிடம் கொடுங்கள். நீங்கள் வகுப்பில் சேர்ந்த பதிவை அவர் அந்தத் துறைக்கு அனுப்பாமல் பணம் நகராது.

பலர் சறுக்குவது மாதாமாதம் வரும் வீட்டு வாடகைப் படியில்தான். எல்லா வகுப்பும் ஆன்லைன் என்றால் இந்தப் படியின் தேசியச் சராசரியில் பாதிதான் கிடைக்கும். பருவத்துக்கு ஒரு பாடமாவது நேரில் படியுங்கள். மாதக் கடைசியில், இன்னும் படிக்கிறீர்களா என்று கேட்டுக் குறுஞ்செய்தி வரும், ‘யெஸ்’ என்று பதில் போட வேண்டும். தொடர்ந்து 2 மாதம் மறந்தால் படி நின்றுவிடும். நடுவில் பாடத்தைக் கைவிட்டால், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட நேரலாம்.