பிடிபடாத காய்ச்சல்: வடசென்னை வார்டில் காரணத்தைத் தேடும் முறை

காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் இரண்டு மூன்று நாள்களிலேயே காரணம் தெரிந்துவிடுகிறது. இந்தக் குறிப்பு எஞ்சியவர்களைப் பற்றியது. ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, மணலி பகுதிகளிலிருந்து வரும் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி மருத்துவர்களுக்காக எழுதப்படுவது. மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்து, பலமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஒரு வாரம் மருத்துவமனையில் வைத்து ஆராய்ந்த பிறகும் விளங்காத காய்ச்சலையே 'காரணம் அறியாக் காய்ச்சல்' என்று 1961இல் பீட்டர்ஸ்டார்ஃபும் பீசனும் வரையறுத்தார்கள். அவ்வளவு நாள் காத்திருப்பது நம் நோயாளிகளுக்குக் கட்டுப்படியாகாது. ஐந்தாம் நாளிலும் விடை இல்லையென்றால், புதிய சோதனைகளை எழுதுவதற்கு முன் நோயாளியிடம் முதலிலிருந்து மீண்டும் பேசத் தொடங்குங்கள்.

"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "சும்மாத்தான் இருக்கேன் சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அதற்குப் பதிலாக, "காலையில எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, எங்க போவீங்க?" என்று கேளுங்கள். "ரெண்டு மணிக்கு ஹார்பர் போயி மீன் எடுத்துட்டு வருவேன்" என்று அதே அம்மா சொல்லும்போது, எலிகள் நடமாடும் ஈரத்தரையில் அவர் வெறுங்காலோடு நிற்பது தெரியவரும். எலிக்காய்ச்சலை நினைக்க அது போதும். கெண்டைக்கால் தசையை அழுத்தினால் வலிக்கிறதா, கண் சீழில்லாமல் சிவந்திருக்கிறதா, கல்லீரல் நொதிகள் ஓரளவே உயர்ந்திருக்க, மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் மட்டும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் மாடு வளர்ப்பவர், காய்ச்சாத பால் குடிப்பவர், இறைச்சிக்கூடத்தில் வேலை செய்பவர் என்றால் கால்நடைகளிடமிருந்து தொற்றும் புருசெல்லா பாக்டீரியாவை மறக்கக் கூடாது. அந்தச் சந்தேகத்தை ஆய்வகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) தட்டைக் கையாள்பவரின் பாதுகாப்புக்கும் அவசியம்.

அடுத்த கேள்வி, இங்கே வருவதற்கு முன் என்ன சாப்பிட்டார் என்பது. மருந்துக்கடையில் காகிதத்தில் மடித்துத் தரும் 'செட் மாத்திரை'யில் ஆன்டிபயாட்டிக்கும் இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். ஒன்று கல்ச்சரைப் பொய்யாக்கும். மற்றொன்று காய்ச்சலை இரண்டு நாள் மறைத்துவிட்டு நோயை வளர்க்கும். மீந்த மாத்திரைகளை எடுத்துவரும்படி உறவினரிடம் கேட்பது, பல ஸ்கேன்களைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

உடல் பரிசோதனை ஒருமுறை செய்து முடிப்பதல்ல, தினமும் செய்வது. உண்ணிக் காய்ச்சலுக்குரிய (ஸ்க்ரப் டைபஸ்) புண், பீடிச் சூடு பட்டதுபோல் நடுவில் கருத்தும் ஓரத்தில் சிவந்தும் இருக்கும். அது வலிப்பதில்லை, அரிப்பதும் அரிது என்பதால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, தொப்புள், பாவாடை நாடா அல்லது அரைஞாண் படும் இடம் ஆகியவற்றில் அது ஒளிந்திருக்கும். திரை போட்டு, பெண் நோயாளியென்றால் செவிலியரை உடன் வைத்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும். நகரத்தில் உண்ணிக் காய்ச்சல் எப்படி வரும் என்று கேட்பவர்கள், ரயில் பாதையோரப் புதர்களையும் காலி மனைகளையும் நினைத்துப்பார்க்கலாம். புண் இல்லாததால் நோய் இல்லை என்றாகிவிடாது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கினால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கும். இறங்கவில்லையென்றால் நோய்க்கணிப்பையே மறுபரிசீலனை செய்யுங்கள்.

சோதனைகளில் வரிசை முக்கியம். நோயாளியின் நிலை அனுமதிக்கும் பட்சத்தில் முதல் ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு முன்பே இரத்தக் கல்ச்சர் எடுக்கப்பட வேண்டும். வெவ்வேறு இடங்களிலிருந்து இரண்டு அல்லது மூன்று தொகுப்புகள், பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வரை. மூன்று மில்லி மட்டும் அனுப்பிவிட்டு 'வளர்ச்சி இல்லை' என்ற முடிவை நம்புவதில் பொருளில்லை. எதிர்ப்பொருளைத் தேடும் ஒரே ஒரு வைடால் இரத்தச் சோதனையை வைத்து டைபாய்டு என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். தட்டணுக்கள் குறைந்தாலே டெங்கு என்று முடிவுகட்டுவதும் இங்கே ஆபத்து: வைவாக்ஸ் வகை மலேரியாவிலும் தட்டணுக்கள் குறையும், அதைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும்தான் பெருகுகிறது. மலேரியாவுக்கான ஒரு ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கும் இரத்தத் துளி) நெகட்டிவ் என்றால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மேலும் இரண்டு எடுங்கள். ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து மணலிக்கும் எண்ணூருக்கும் வேலைக்கு வந்தவர் என்றால் கடுமையான மலேரியா வகையான ஃபால்சிபாரமையும், பீகாரிலிருந்து வந்து மண்ணீரல் பெரிதும் வீங்கியிருந்தால் மணல் ஈ பரப்பும் ஒட்டுண்ணி நோயான காலா அசாரையும் சேர்த்துத் தேட வேண்டும்.

மழைக்காலத்துக்குப் பின் சர்க்கரை நோயாளி ஒருவர் நிமோனியாவுடனோ கல்லீரல், மண்ணீரல் கட்டிகளுடனோ வந்து, கல்ச்சரில் 'சூடோமோனாஸ் இனம்' என்று மட்டும் அறிக்கை வந்தால், மருந்து உணர்திறன் பட்டியலை நீங்களே படியுங்கள். ஜென்டாமைசினுக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்காமல், அமாக்சிசிலின் கிளாவுலானேட்டுக்குக் கட்டுப்பட்டால், அது மண்ணிலும் நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வரும் மெலியாய்டோசிஸாக இருக்கலாம். உடனே நுண்ணுயிரியல் துறைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்; சிகிச்சையின் மருந்தும் காலமும் வேறு.

வார்டில் சேர்ந்த பிறகு தொடங்கும் காய்ச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் நாம் வைத்த பொருளில்தான் இருக்கும். கேனுலா (இரத்தக் குழாயில் செருகும் ஊசிக்குழாய்) குத்திய இடத்தின் பிளாஸ்டரைப் பிரித்துப் பாருங்கள், சிறுநீர்க் குழாய் இன்னும் தேவையா என்று கேளுங்கள், ஒரு காலில் மட்டும் வீக்கமா (இரத்தம் உறைந்திருக்கலாம்) என்று கவனியுங்கள். எதுவும் இல்லாமல், காய்ச்சலின் உயரத்துக்கு ஏற்ற சோர்வின்றி நோயாளி உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார் என்றால், மருந்தே காய்ச்சலைத் தருகிறதா என்று யோசிக்க வேண்டும்.

காசநோய் தனிக் கவனம் கேட்கிறது, ஏனெனில் மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தாலும் அது நிணநீர்க் கணுவிலோ முதுகெலும்பிலோ எலும்பு மஜ்ஜையிலோ இருக்கக்கூடும். திசு எடுக்க வாய்ப்பிருக்கும்போது அதை விடாதீர்கள். எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் செய்ய வழியில்லாமல் போகும் என்பதால், ஒரு பகுதியை சலைனில் தனியாக அனுப்புங்கள். காசநோயை விலக்கும் முன் லீவோஃபிளாக்சசின் ஆன்டிபயாட்டிக்கை அனுமானத்தில் தொடங்காதீர்கள், அது காசநோய்க் கிருமியின் மேலும் வேலை செய்வதால் சில வாரங்களுக்கு நோயை மறைத்துவிடும். திரவ ஊடகக் கல்ச்சர் நெகட்டிவ் என்று முடிவாக 42 நாள் வரை ஆகும், அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் எந்த முடிவு பாக்கி, எந்தத் தேதிக்குப் பின் கேட்க வேண்டும் என்று எழுதி, அவருடைய எண்ணோடு பக்கத்து வீட்டு எண்ணையும் வார்டுப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.