மூன்று டம்ளர், ஒரு நெற்றி: வீட்டுச் சாமானோடு உடம்பைப் படமெடுக்கும் முறை

பெங்களூர் அல்சூரில் ஒரு ஹால், ஒரு சமையலறை கொண்ட வாடகை வீடு எங்களுடையது. நான்கு வருடமாக என் படங்கள் எல்லாம் அந்த ஹாலில்தான் எடுத்தவை. என் உடம்பு, வீட்டுச் சாமான், ஜன்னல் வெளிச்சம், ஒரு போன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக நான் செய்கிற முறையை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு பொருளை எடுங்கள். முறம், குடம், கோரைப்பாய், துணி கிளிப், எதுவானாலும் சரி. அதைக் கையில் ஏந்திச் சிரித்தால் பாத்திரக்கடை விளம்பரம் போல ஆகிவிடும். தினமும் செய்யாத ஒரு வேலையை அந்தப் பொருள் உங்கள் உடம்போடு சேர்ந்து செய்ய வேண்டும். என் முதல் படத்தில் மூன்று எவர்சில்வர் டம்ளர்களைப் படுக்கைவாக்கில் வரிசையாக, சுவருக்கும் என் நெற்றிக்கும் நடுவில் கை படாமல் நிறுத்தினேன். கொஞ்சம் தளர்ந்தால் விழுந்துவிடும். அதிகம் அழுத்தினால் நடு டம்ளர் நழுவும். கழுத்து நரம்பு தானாகவே புடைத்தது, நடிக்க வேண்டியே இருக்கவில்லை.

ஆஸ்திரியச் சிற்பி எர்வின் வுர்மின் ‘ஒரு நிமிடச் சிற்பங்கள்’ இந்த வழியில் எனக்கு முன்னோடி. வாளி, நாற்காலி போன்ற சாதாரணப் பொருளோடு ஒருவர் விசித்திரமான நிலையில் சற்று நேரம் அசையாமல் இருப்பார், மிஞ்சுவது புகைப்படம். நம்ம பெங்களூரின் புஷ்பமாலாவும் சிற்பியாக இருந்து, 1990-களில் தானே வேடமிட்டு கேமரா முன் நிற்கத் தொடங்கியவர். இருவருமே சிற்பத்திலிருந்து வந்தவர்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எடை எங்கே இறங்குகிறது என்று பார்க்கப் பழகிய கண் அது.

அப்புறம் வெளிச்சம். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் விளக்கும் கலந்தால் தோலின் நிறம் கெட்டுவிடும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கும். வேகமான ஷட்டரில் சில விளக்குகள் படத்தில் பட்டை பட்டையாக விழும். நேர் வெயில் வந்தால் வெள்ளை வேட்டியை ஜன்னலில் திரையாகக் கட்டுங்கள்.

எவர்சில்வர்தான் பெரிய சோதனை. நீங்கள், போன், ஃபேன், காலண்டர், அறை முழுவதும் அந்தச் சின்ன வளைவுக்குள் சுருங்கித் தெரியும். எனவே டம்ளருக்குள் தெரிவதைப் பார்த்து அறையை மாற்றுங்கள். ஒரு பக்கம் வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டால் டம்ளரில் சுத்தமான வெள்ளைக் கோடு விழும். மறுபக்கம் கறுப்புப் போர்வை கட்டினால் விளிம்பு எடுப்பாக நிற்கும். எனக்கு இதற்கு மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

போனை ஸ்டூல் மேல் வைத்து, அரிசி டப்பாவில் சாய்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கு நேரான உயரம், குறைந்தது 2 மீட்டர் தூரம். போனில் 0.5 என்று காட்டும் அகலக் கோண லென்ஸ் வேண்டாம், ஓரத்தில் கை கால் இழுத்துக்கொண்டு போகும். திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, 10 வினாடி டைமர் போடுங்கள்.

அரிவாள்மணை, கண்ணாடிச் சாமான் பக்கமே போக வேண்டாம். முகத்தில் பிளாஸ்டிக் பை மாட்டும் யோசனை வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள். தனியாக இருக்கும்போது உயரத்தில் ஏறாதீர்கள்.

வீட்டில் வேறொருவரை எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள், வெளியிடும் முன் மறுபடி கேளுங்கள். “முகம் வேண்டாம், கையை மட்டும் எடு” என்றார் அம்மா. வீட்டிலிருந்த பிரிமணைகளை எல்லாம் வளையல் போல முழங்கை வரை அடுக்கினோம். இடையிடையே பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகள் தெரிந்தன. நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த படம் அதுதான்.

எடுத்த அன்றே எதையும் அழிக்காதீர்கள். மறுநாள் பார்த்து மூன்றைப் பொறுக்கி, 8×12 அங்குலத்தில், பளபளப்பில்லாத மேட் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். போன் திரை மறைத்த தோல் சுருக்கம், வியர்வை எல்லாம் தாளில் வரும். நன்றாக நிற்கும் படத்தைவிட, விழப்போகிற படத்தைத்தான் நான் பெரும்பாலும் எடுத்து வைக்கிறேன். டம்ளர் படத்தில் என்னிடம் இருப்பது, நடு டம்ளர் அரை விரற்கடை கீழே இறங்கிவிட்ட ஒன்று.