மலைநாட்டில் பறவை பார்க்கப் போகிறவர்கள் கருவிகளைக் கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

நவம்பர் பிறந்து வலசைப் பறவைகள் வந்து சேர்ந்ததும், நுவரெலியா விக்டோரியா பூங்காவின் ஓடையோரத்தில் புதிய பைனாகுலர்களும் புதிய கமெராக்களும் கூடிவிடுகின்றன. ஆறுமணிக்குருவியையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் தேடி வருகின்ற இளைஞர்களில் பலர் ஹட்டன், தலவாக்கலை, ராகலைப் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள். சிலருடைய கருவிகள் மத்திய கிழக்கில் உழைக்கும் அம்மாவோ அண்ணனோ அனுப்பிய பணத்தில் வாங்கப்பட்டவை. பறவையைக் கண்டுபிடிப்பதில் அவர்களுடைய கண்ணும் காதும் எங்களுடையவற்றைவிடக் கூர்மையானவை. கருவியைக் காப்பாற்றுவதில் மட்டும், அந்த வயதில் நாங்கள் செய்த அதே பிழைகளை வரிசைகூட மாறாமல் செய்கிறார்கள்.

பற்றரிக்கு மின்னேற்ற மறப்பது, மெமரி கார்டை வீட்டில் விட்டுவிட்டு வருவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவை ஒரு தடவை நடந்தால் மறுதடவை நடக்காது. செய்தவருக்கே தெரியாமல் நடந்து, சில மாதங்கள் கழித்துப் பெருந்தொகையாக வந்து நிற்கும் தவறுகளே என் கவலை.

நனைந்த பையை அப்படியே அலுமாரிக்குள் வைப்பது

மலையில் கருவியைக் கெடுப்பது மழைதான் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். அதனால் மழையில் நிற்கும்போது சட்டையைக் கழற்றியாவது கமெராவை மூடுகிறார்கள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், களைப்பில், அதே ஈரப் பையின் சிப்பை இழுத்து மூடி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். நான் பார்த்த பழுதடைந்த லென்சுகளில் மிகப் பெரும்பாலானவை காட்டில் கெட்டவையல்ல, அலுமாரியில் கெட்டவை.

தலவாக்கலைப் பக்கத்தில் தோட்டப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கும் தம்பி ஒருவர், தென்மேல் பருவமழை ஓயாத ஒரு ஓகஸ்ட் மாலையில் தமது நீள லென்சைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். "அண்ணே, படமெல்லாம் மங்கலா விழுது. வெளிய எவ்வளவு தொடச்சும் போகுதில்ல" என்றார். டோர்ச் வெளிச்சத்தை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கமாகப் பார்த்தேன். உள் கண்ணாடி ஒன்றில், விளிம்பிலிருந்து நடுப்பகுதிவரை, வெண்ணிற நூல்கள் கிளைகிளையாகப் படர்ந்திருந்தன. எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "பத்திரமாத்தான் வச்சிருந்தேன் அண்ணே. பையோட அலுமாரியில பூட்டி, அந்துருண்டை கூடப் போட்டிருந்தேன்" என்றார். ஏப்ரல் விடுமுறைக்குப் பின் அந்தப் பை திறக்கப்படவேயில்லை. இதை இன்று எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அவர்மீதல்ல, இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவரிடம் இந்த ஒரு விடயத்தைச் சொல்லாமல் விற்கிறார்களே என்பதில்தான்.

பூஞ்சண வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. புதிதாக வாங்கிய லென்சுக்குள்ளும் இருக்கும். அவை முளைப்பதற்கு வேண்டியவை ஈரப்பதன், அசையாத காற்று, இருட்டு, கொஞ்சம் உணவு. விரல் எண்ணெயும் தூசியும் தோலுறையும் அந்த உணவைத் தருகின்றன. காற்றிலுள்ள ஈரத்தின் அளவைச் சொல்லும் சாரீரப்பதன் 70 சதவீதத்தைத் தாண்டி நாட்கணக்கில் அப்படியே நிற்குமானால் அவற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை. மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து லயன் காம்பராக்களில் சுவரே வியர்க்கும். வடகீழ்ப் பருவத்தில் பதுளை, அப்புத்தளைச் சரிவுகளின் முறை வரும். இந்தக் காற்றிலே, கமெராப் பையின் வெளித்துணி ஒரு நாளில் காய்ந்துவிட்டாலும் உள்ளே இருக்கும் பஞ்சு பல நாட்களுக்கு ஈரத்தை விடாது. அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை உறிஞ்சாது.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த எவருக்கும் இதை விளக்கவே வேண்டியதில்லை. உலர்த்தியிலிருந்து ஏறத்தாழ 3 சதவீத ஈரத்தோடு இறங்கும் தூளை, அது மறுபடி ஈரம் குடிக்கவிட்டு மூட்டையில் கட்டினால் என்ன நடக்குமென்று அவர்களுக்குத் தெரியும். அதே தொழிற்சாலையில் வேலை செய்கிறவர் வீட்டுக்கு வந்து தமது பைனாகுலரை ஈரத்தோடு கட்டிவைப்பதுதான் எனக்கு விளங்காத புதிர்.

பூஞ்சணம் வெறும் அழுக்கென்றால் துடைத்துவிட்டுப் போகலாம். அது சுரக்கும் அமிலங்கள் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கின்றன. சில காலம் விட்டால் கண்ணாடியையும் தொடுகின்றன. அந்தத் தம்பியின் லென்சைக் கொழும்பில் ஒரு பழுதுபார்க்கும் இடத்தில் கழற்றித் துடைத்தார்கள். நூல்கள் போயின. அரித்த தடம் போகவில்லை. வெளிச்சம் எதிரிலிருந்து வரும் படங்களில் இன்றைக்கும் ஒரு பால்திரை விழுகிறது. கொடுத்த கூலியோ, அதே ரக லென்சைப் பழையதாக வாங்கும் விலைக்குக் கிட்ட வந்திருந்தது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த பகுதியின் நடுவில் படர்ந்திருந்தால் அதைக்கூடச் செய்திருக்க முடியாது.

இதைவிட மோசமானவை, தெரிந்தவர்கள் சொல்லும் வைத்தியங்கள். விறகடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் காயும் என்பார்கள்: காயும், கூடவே புகைக்கரியும் எண்ணெய்ப் பசையும் உள்ளே போகும். அரிசிப் பானைக்குள் புதைத்தால் தவிட்டுத் தூசி ஒவ்வோர் இடுக்கிலும் புகும். வெயிலில் வைத்தால் பூஞ்சணம் சாகும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அந்தச் சூட்டில் லென்சுக்குள்ளிருக்கும் கிரீஸ் இளகி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒளித்துளையின் தகடுகளில் ஏறிவிடும். அரித்த இடமும் வெயிலால் திரும்பி வரப் போவதில்லை.

செய்ய வேண்டியது சிறிய வேலைதான், ஆனால் அன்றிரவே செய்ய வேண்டும். பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெளிப்புறத்தைப் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, நீளும் லென்சானால் குழாயை நீட்டி, இரண்டு பக்க மூடிகளையும் கழற்றி, காற்றோடும் அறையில் மேசைமேல் விட்டுவிடுங்கள். பையின் எல்லா அறைகளையும் திறந்து கவிழ்த்து வையுங்கள். பட்டியையும் முக்காலியின் கால்களையும் மறந்துவிடக் கூடாது. முக்காலிக் கால்களுக்குள் ஓடைத் தண்ணீர் வாரக்கணக்கில் நிற்கும். நன்றாக உலர்ந்த பின்பு, இறப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வைத்து மூடுங்கள். உள்ளே சிறிய ஈரமானி ஒன்றை வைத்தால் 40 முதல் 50 சதவீதம்வரை காட்ட வேண்டும். 30க்குக் கீழே இறக்குவதும் நல்லதல்ல, இறப்பரும் மசகும் வறண்டுபோகும். வசதியுள்ளவர்கள் மின்சார உலர்பெட்டி வாங்கலாம். சாப்பாட்டுப் பெட்டியும் அதே வேலையைச் செய்கிறது, யாராவது மணிகளைக் கவனித்துக்கொண்டால்.

அந்த மணிகளைத்தான் யாரும் கவனிப்பதில்லை. நீல மணிகள் இளஞ்சிவப்பாகவும் செம்மஞ்சள் மணிகள் பச்சையாகவும் மாறினால் அவை நிரம்பிவிட்டன என்று பொருள். பிறகு அவை பெட்டிக்குள் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். 120 பாகை செல்சியஸ் அளவில் ஓவனில் சில மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் சட்டியில் போட்டு வறுக்காதீர்கள். அதற்கென்று ஒரு பழைய தட்டை ஒதுக்கிவிடுங்கள். தோலுறை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்குள் வைக்காதீர்கள்.

"என்னுடையது நைதரசன் நிரப்பியது, தண்ணீர் புகாது" என்று சொல்லும் பைனாகுலர்காரருக்கும் விலக்கில்லை. உட்புறம் தப்பிவிடும், வெளிக்கண்ணாடியின் ஓரத்திலும் கண்வைக்கும் இறப்பர்க் குவளையின் அடியிலும் அதே பூஞ்சணம் வரும். பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் டோர்ச் இல்லாமல் போகக் கூடாது.

குளிரில் இருந்த கமெராவைச் சூடான அறையில் திறப்பது

ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேல் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. ஒரு காலத்தில் வெள்ளைத் துரைமார் துப்பாக்கியோடு வந்து தங்கிய வேட்டை விடுதிதான் அங்குள்ள ஃபார் இன். 1988இல் தேசியப் பூங்காவான அந்த இடத்துக்கு இப்போது பைனாகுலரோடு வருகிறோம். அதற்குப் போகும் வீதியோரக் குளத்தருகில், அரெங்கா என்று வழிகாட்டிகள் அழைக்கும் இலங்கைச் சீகாரப் பூங்குருவி வெளிச்சம் வரும் அந்தச் சிறு பொழுதில் தலைகாட்டும்.

அதற்காகக் குளிரில் நின்று, எலும்புவரை சில்லிட்ட கமெராவைத் தூக்கிக்கொண்டு வானுக்குள் ஏறி, ஹீட்டரைப் போட்டு, உடனே படங்களைப் பார்க்கப் பையைத் திறக்கிறார்கள். வானுக்குள் நாலைந்து பேருடைய மூச்சின் ஈரம் நிரம்பியிருக்கிறது. குளிர்ந்த கண்ணாடியைக் கண்டதும் அது நீராகப் படியும். வெளியில் படிந்ததைத் துடைக்கலாம். உள்ளே படிந்ததுதான் முன்பு சொன்ன பூஞ்சணத்துக்குப் போடும் விதை. மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே கழற்றி எடுத்துக்கொண்டு, பையை மூடியபடி அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். கொழும்பிலிருந்து குளிரூட்டிய வானில் வருகிறவர்களுக்கு இதே தொல்லை கண்டியில் இறங்கும்போது தலைகீழாக நடக்கிறது.

பற்றரி செத்துவிட்டது என்று முடிவு செய்வது

செத்திருக்காது, குளிர்ந்திருக்கும், சட்டைப்பைக்குள் வைத்துச் சூடேற்றி மறுபடி போட்டுப் பாருங்கள்.

அட்டைக்குப் பூசிய கையோடு கருவியைத் தொடுவது

அட்டைக்குப் பயந்து காலில் பூசும் தைலமும் சோப்பும் விரலில் ஒட்டிக்கொண்டு கண்ணாடிக்கு வரும். அதை மதுசாரம் தொட்ட லென்ஸ் துணியால் துடைத்துவிடலாம். துடைக்க முடியாதது டீட் கலந்த பூச்சி விரட்டி. அது பிளாஸ்திக்கையும் இறப்பரையும் இளக்கும். ஓர் இளைஞர் கை நிறையத் தெளித்துக்கொண்டு, அதே கையால் புதிய பைனாகுலரைப் பிடித்துக்கொண்டே காலை முழுவதும் நடந்தார். மதியத்துக்குள் அதன் இறப்பர்ப் போர்வையில் அவருடைய விரல்கள் பதிந்து பிசுபிசுத்தன, அந்தத் தடங்கள் இன்றும் இருக்கின்றன. பூசுவதென்றால் புறங்கையால் பூசுங்கள், அல்லது முழங்கால்வரை வரும் அட்டைக் காலுறையைத் தைத்துப் போட்டுக்கொண்டு மருந்தை விட்டுவிடுங்கள்.

பொலித்தீன் பையை மழையுறையாக நம்பி வருவது

ஹோர்ட்டன் சமவெளி வாயிலில் பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள். துணியில் தைத்த உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பெரிதாகக் காட்டும் சிறிய பைனாகுலரை வாங்குவது

10x25 என்று எழுதிய சட்டைப்பைப் பைனாகுலரில் 10 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 25 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில்; 25ஐ 10ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.5 மில்லிமீற்றர், 8x42இல் அது 5.25. விடியலிலும் மூடுபனியிலும் பூங்கா ஓடையின் இருண்ட புதர்களிலும் முன்னையதால் பார்ப்பது நிழலைத்தான். பிறகு கருவியில் ஏதோ பழுதென்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிக்கிறார்கள்.

சாரத்து நுனியால் லென்சைத் துடைப்பது

முதலில் காற்றூதும் இறப்பர்ப் பந்தால் தூசியை ஊதிவிடுங்கள், வாயால் அல்ல.

இடிமழையில் முக்காலியோடு திறந்தவெளியில் நிற்பது

ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி திரளும். நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டுத் தள்ளிய மேஜர் தோமஸ் ரோஜர்ஸை 1845இல் அப்புத்தளையில் கொன்றது எந்த மிருகமுமல்ல, மின்னல். முதல் இடி கேட்டதுமே முக்காலியை மடக்கிக்கொண்டு வாகனத்துக்குத் திரும்புங்கள். கருவியை நனையவிட்டு ஓட நேர்ந்தாலும் பரவாயில்லை.

ஓடையில் விழுந்த கமெராவை முடுக்கிப் பார்ப்பது

வழுக்குப்பாறையில் கால் தவறிக் கமெரா தண்ணீருக்குள் போனால், எடுத்த உடனே எல்லோருடைய விரலும் போவது ஆளியை நோக்கித்தான். தண்ணீரைவிட, தண்ணீருக்குள் பாயும் மின்சாரமே உள்ளிருக்கும் சுற்றுப்பலகையை எரிக்கிறது. ஆளியைத் தொடாமல் பற்றரியைக் கழற்றுங்கள். கார்டை எடுத்து உலரவிடுங்கள், அதிலுள்ள படங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். உதறாதீர்கள், உதறினால் வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே போகும். லென்சைப் பிரித்து, மூடிகளையெல்லாம் திறந்து, வாய் கீழ்நோக்கியிருக்கக் காற்றில் வைத்து, உலர்ந்ததுபோல் தெரிந்தாலும் முடுக்காமலே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். அங்கே "தானாக நின்றுபோச்சு" என்று சொல்லாமல், எந்த ஓடையில் எவ்வளவு நேரம் கிடந்தது என்பதைச் சொல்லுங்கள். சேற்றுத் தண்ணீரென்று தெரிந்தால் அவர் முதலில் கழுவுவார், தெரியாவிட்டால் மண்ணோடு சேர்த்து உலர்த்திவிடுவார்.