சால்ஸ்பர்க்கில் ஒரு பேராயரின் வாழ்க்கையை நடந்தே படிப்பது எப்படி

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் போகிறவர்கள் பெரும்பாலும் மோட்சார்ட்டைத் தேடித்தான் போகிறார்கள். சரி, போங்கள், ஆனால் ஒரு நாளை வோல்ஃப் டீட்ரிஷ் ஃபான் ரைட்டனாவுக்கு ஒதுக்கிவிடுங்கள். ரோமில் படித்துவிட்டு வந்து, 1587-ல் முப்பது வயதுகூட ஆகாமல் பேராயரானவர். அன்று அங்கே பேராயர்தான் ஆட்சியாளரும் என்பதால், நெருக்கடியான அந்த ஊரை இத்தாலிய நகரம் மாதிரி மாற்றிவிட வேண்டும் என்று கிளம்பியபோது அவரைத் தடுக்க யாருமில்லை.

பேராலயச் சதுக்கத்தில் தொடங்குங்கள். எதிரே நிற்கும் பேராலயத்தை அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள், பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். 1598-ல் பழைய ஆலயம் தீக்கிரையானதும் மிச்சத்தை இடிக்கச் சொன்னவரும், இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஸ்கமோட்சியிடம் பிரம்மாண்டமான வரைபடம் வாங்கியவரும் அவர்தான். ஆனால் அதைவிடச் சிறியதாக சாந்தினோ சொலாரி என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் எழுப்பிய ஆலயம்தான் 1628-ல் அர்ச்சிக்கப்பட்டது. வோல்ஃப் டீட்ரிஷின் கைவண்ணம் வேண்டுமென்றால் சுற்றிலும் உள்ள வெட்டவெளியைப் பாருங்கள். அது வீடுகளை இடித்து உண்டாக்கிய வெளி. கலையை ரசிக்கும்போதே, வீடிழந்தவர்களையும், மதம் மாற மறுத்ததற்காக 1588-ல் அவர் ஊரைவிட்டு விரட்டிய புராட்டஸ்டன்ட் மக்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களை விட்டுவிட்டால் இந்த வாழ்க்கை பாதிதான் புரியும்.

அடுத்து, ஊருக்கு மேலே மலைமேல் நிற்கும் கோட்டை. உப்பு வணிக விஷயத்தில் பக்கத்து நாடான பவேரியாவோடு மோதி, 1611-ல் தப்பி ஓடும்போது பிடிபட்டு, பதவியும் போய், 1617-ல் சாகும்வரை இங்கேதான் அடைபட்டுக் கிடந்தார்.

இறங்கி, ஆற்றைக் கடந்து மிராபெல் தோட்டத்துக்கு வாருங்கள். 1606-ல் தன் காதலி சலோமே ஆல்ட்டுக்காக அவர் கட்டிய மாளிகை இது. பேராயர் திருமணம் செய்ய முடியாது, ஆனாலும் அவர்களுக்கு 15 பிள்ளைகள். இன்று தெரியும் கட்டடம் 18-ஆம் நூற்றாண்டில் மாற்றப்பட்டது, அதனால் மாளிகைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். பூப்பாத்திகளுக்கு அப்பால், நேர் எதிரே, மலைமேல் கோட்டை. அவளுக்குக் கட்டிய வீடும் அவர் சிறைப்பட்ட இடமும் ஒரே பார்வையில் வந்துவிடும். இங்கே அவசரப்படாதீர்கள்.

அப்புறம் பக்கத்திலேயே லின்ட்ஸர் தெருவில் புனித செபாஸ்தியார் கல்லறைத் தோட்டம். நாலு பக்கமும் வளைவு மண்டபம், நடுவில் அவர் உயிரோடு இருக்கும்போதே கட்டிக்கொண்ட கல்லறை மண்டபம். வெளியே எளிமை, உள்ளே சுவர் முழுக்க சின்னச் சின்ன வண்ண ஓடுகள். கிட்டே போய்ப் பாருங்கள். மோட்சார்ட்டின் மனைவி கான்ஸ்டன்சேயின் கல்லறையும் இதே தோட்டத்தில்தான்.