அக்ரிஜென்டம் முற்றுகையை வகுப்பறைத் தரையில் நடத்துவது எப்படி?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிறேன். ரோமுக்கும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் அரசுக்கும் நடந்த போரை வாயால் மட்டும் சொன்னால் பெயர்கள்தான் மிஞ்சும். சிசிலித் தீவின் அக்ரிஜென்டம் நகரை கி.மு. 262இல் ரோமானியர்கள் முற்றுகையிட்ட கதையைத் தரையில் பரப்பிக் காட்டுங்கள்.

கோலமாவு, ரோமானியர்களுக்குப் புளியங்கொட்டை, கார்த்தேஜ்காரர்களுக்கு மஞ்சாடி, யானைகளுக்குப் பனங்கொட்டை. குன்றிமணி வேண்டாம், அது விஷம். நெல் இரண்டு படியாவது வேண்டும். இந்தச் சண்டையில் இரு தரப்பையும் ஆட்டிப்படைத்தது பசிதான்.

நடுவில் நகரத்தை வரைந்து மஞ்சாடியால் நிரப்புங்கள். உள்ளே சுமார் 50,000 பேர் அடைபட்டிருந்ததாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். காவற்படைத் தலைவன் பெயர் ஹன்னிபால். ஆல்ப்ஸ் மலையைக் கடந்தவர் வேறு ஹன்னிபால் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

இப்போது நகரைச் சுற்றி இரண்டு கோடுகள். உள்கோடு, நகரத்தார் வெளியேறாமல் தடுக்கும் அகழி. வெளிக்கோடு, உதவிக்கு வரும் படையைத் தடுக்கும் அகழி. புளியங்கொட்டைகளை இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். முற்றுகையிட்டவர்களே சிக்கிக்கொள்ளலாம் என்பதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும்.

சற்றுத் தள்ளி ஒரு நெற்குவியல்: ரோமானியர்களின் தானியக் கிடங்கு இருந்த ஹெர்பெசஸ். நகரத்துக்குள்ளும் கொஞ்சம் நெல் வைத்து, சிட்டிகை சிட்டிகையாக எடுத்துக்கொண்டே வாருங்கள். ஐந்து மாதம் இப்படிப் போனது. அதன் பிறகு கார்த்தேஜ் தளபதி ஹன்னோ பெரும்படையோடு சிசிலிக்கு வந்து ஹெர்பெசஸைப் பிடித்தான். அந்தக் குவியலை ஒரே கையால் வாரி எடுத்துவிடுங்கள். ரோமானிய முகாமிலும் பட்டினி, கூடவே நோய். சிசிலியிலேயே இருந்த சிரக்கூஸ் நகரின் மன்னர், ரோமின் கூட்டாளி ஹீரோன் அனுப்பிய தானியம்தான் அவர்களைத் தாங்கிப் பிடித்தது. அதற்கு இரண்டு விரலால் கொஞ்சம் நெல் போட்டால் போதும்.

இரண்டு மாதம் படைகள் எதிரெதிரே கிடந்தன. நகரத்திலிருந்து தீ மூட்டி ஹன்னிபால் அபயக்குரல் கொடுத்த பிறகே ஹன்னோ போரில் இறங்கினான். அவனிடம் சுமார் 50 யானைகள். பனங்கொட்டைகளை முன்வரிசைக்குப் பின்னால் வையுங்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. முன்னால் நின்ற கூலிப்படையை உள்ளங்கையால் பின்னுக்குத் தள்ளுங்கள். ஓடிவந்தவர்கள் யானைகள்மேல் மோதினார்கள், மொத்தப் படையும் குலைந்தது. வாளையாறு யானைகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

அன்றிரவு ஹன்னிபால் பதரடைத்த கூடைகளால் அகழியைத் தூர்த்து, தன் வீரர்களோடு தப்பினான். பலா இலையைக் கோட்டி, உமி நிரப்பிக் கோட்டின்மேல் வையுங்கள். அதன்மேல் சில மஞ்சாடிகளை நகர்த்துங்கள்.

மீதி மஞ்சாடி நகரத்திலேயே கிடக்கும். அவர்கள் கதையையும் சொல்லுங்கள்: ரோமானியர்கள் மறுநாள் நுழைந்து நகரைச் சூறையாடினார்கள், மக்களை அடிமைகளாகப் பிடித்தார்கள். பிள்ளைகள் சின்னவர்கள் என்று இதை மறைப்பது எனக்குச் சம்மதமில்லை.

இந்த வெற்றிக்குப் பிறகுதான் சிசிலி முழுவதையும் பிடிக்க ரோமுக்கு ஆசை வந்தது, கப்பல்களும் கட்டினார்கள். அடுத்த வகுப்பு கி.மு. 260இல் நடந்த மைலே கடற்போர். ஓர் அண்டா தண்ணீர் தயாராக இருக்கட்டும்.