கிராம சபையில் செலவுக் கணக்கு கேட்பது எப்படி?

கடன் வாங்கி இலவசம் கொடுக்கிற அரசியல் எனக்குப் பிடிக்காது, எந்தக் கட்சி செய்தாலும் சரி. அதைக் கோட்டைக்குப் போய்த் தட்டிக் கேட்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. ஆனால் நம் ஊராட்சியில் முகத்துக்கு நேராகக் கேட்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் 6 நாள் கிராம சபை கூடுகிறது, வேலூர் மாவட்டத்தின் அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம் எல்லா ஒன்றியத்திலும் இதே தேதிகள்தான்.

போகும்போது ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். "எல்லாத்துலயும் ஊழல்" என்று கத்தினால் பதில் வராது, கூட்டம்தான் கலையும். எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய் கட்டினார்கள், முதல் மழைக்கே ஓரம் பெயர்ந்து, வண்டிச் சாவியால் கீறினால் மணலாகக் கொட்டியது. போர்டில் 80 மீட்டர் என்று எழுதியிருந்தது. நானும் பக்கத்து வீட்டுப் பையனும் டேப் பிடித்து அளந்தோம், 62 மீட்டர்தான் வந்தது. சபையில் எழுந்து, "எம் புக்ல எத்தனை மீட்டர் ஏத்தியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன். எம் புக் என்றால் முடித்த வேலையை அளந்து எழுதி வைக்கும் பதிவேடு. அடுத்த வாரமே ஓவர்சியர் வந்து மறுபடியும் அளந்தார், மீதி பில் நின்றது.

கேட்ட கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குடிநீர்க் குழாய்க்குக் காசில்லை என்றால் ஊராட்சிக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியத்தைப் பற்றிக் கேளுங்கள், 2021-26 காலத்துக்கான 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் போக வேண்டும் என்று விதி வைத்தார்கள். யாராவது ஊர் முகப்பில் வளைவு கட்டலாம் என்று ஆரம்பித்தால், இருக்கிற மோட்டாருக்குக் கரண்ட் பில் கட்டியாச்சா, தெருவிளக்கு எரிகிறதா என்று முதலில் கேளுங்கள். இருப்பதைப் பராமரிக்காமல் புதிதாகக் கட்டுவது வீண் செலவு, இதைச் சொல்லக் கூச்சமே வேண்டாம்.

அப்புறம் ஓட்டு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட 9 மாவட்டங்களுக்கு ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, அதனால் மாமன் மச்சான் கட்சி என்று பார்க்காமல், சொந்தக் கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறவரா, கணக்குப் பார்க்கத் தெரிந்தவரா என்று பாருங்கள். அவர் கையிலிருந்து காசு வாங்கிவிட்டால் பிறகு எந்த முகத்தோடு கணக்கு கேட்பீர்கள்?

சபையில் மழுப்பினால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வேலையின் பெயர், வருடம், எஸ்டிமேட் நகல், எம் புக் நகல், பில் நகல், இவ்வளவு கேட்டால் போதும். 30 நாளைக்குள் பதில் தர வேண்டும், நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், மேல்முறையீடு செய்ய வேண்டி வந்தால் முதலில் தேவைப்படுவது அதுதான்.