செப்சிஸ் நோயாளரின் ஆபத்தைக் கணக்கிடுவது எப்படி? சோஃபா புள்ளி, கையாலேயே

ஐ.சி.யு. வாசலில் நிற்கும் மகள் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "மிஸ், அம்மா பொழச்சிருவாங்களா?" நுவரெலியாப் பக்கம் வேலைக்கு வரும் புதிய தாதியர் இதற்கு ஊகத்தில் பதில் சொல்லிவிடக் கூடாது. அதனால்தான் இந்தக் கணக்கை எழுதுகிறேன். உறுப்புகள் எவ்வளவு பழுதுபட்டுள்ளன என்பதை எண்ணில் சொல்லும் சோஃபா (SOFA), 1996இல் வந்த முறை. நோயாளரின் டிக்கட்டும் (கட்டில் குறிப்பேடு) கால்குலேட்டரும் இருந்தால் போதும்.

தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்ப்பு கட்டுமீறி, உறுப்புகளையே கெடுப்பதுதான் செப்சிஸ். எனவே நுரையீரல், இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், கல்லீரல், இரத்த அழுத்தம், மூளை, சிறுநீரகம் என ஆறையும் பார்க்கிறோம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 24. தொற்றுள்ளவருக்கு வழக்கத்தைவிட 2 புள்ளி கூடினாலே 2016 வரைவிலக்கணப்படி அது செப்சிஸ். அந்த நிலையிலேயே பத்தில் ஒருவர் அளவில் இறக்கும் ஆபத்து இருக்கிறது.

முதல் படி, 24 மணி நேரத்தில் பதிவான மிக மோசமான அளவுகளை எடுப்பது. எலிக்காய்ச்சலோடு வந்த ஒரு தோட்டத்துப் பெண்ணை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பிளேட்லெட் 64,000: ஒரு லட்சத்துக்குக் கீழே, 2 புள்ளி. கல்லீரலைக் காட்டும் பிலிருபின் 45 மைக்ரோமோல்: 2. சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் 240 மைக்ரோமோல்: 2. இங்கே அலகைப் பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் மில்லிகிராமில் தரும், அப்படியானால் 88.4ஆல் பெருக்க வேண்டும்.

அடுத்து பிரஷர், 90/54. கீழ் எண்ணை இரட்டித்து மேல் எண்ணோடு கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி அழுத்தம் 66. 70க்குக் கீழே என்பதால் 1. பிரஷரை ஏற்றும் மருந்தான நோரட்ரினலின் ஓடினால் நேரே 3 அல்லது 4 ஆகிவிடும்.

நினைவுத் தெளிவை 3 முதல் 15 வரை காட்டும் கிளாஸ்கோ அளவு 14: 1 புள்ளி. ஆரம்பத்தில் நான் இதில்தான் தவறினேன். மயக்க மருந்து கொடுத்திருந்த ஒருவருக்கு 3 என்று எழுதி 4 புள்ளி போட்டுவிட்டேன். மருந்துக்கு முந்திய அளவைத்தான் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒட்சிசன். இரத்தத்தில் அதன் அழுத்தம் 95, கொடுக்கும் ஒட்சிசன் 40 சதவீதம். 95ஐ 0.4ஆல் வகுத்தால் 237; 300க்குக் கீழே, 2 புள்ளி. மொத்தம் 10.

இந்த இடத்தில் மலைநாட்டுக்காரர் கொஞ்சம் நிற்க வேண்டும். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுகமாக இருப்பவருக்கே இங்கே ஒட்சிசன் அழுத்தம் ஏறத்தாழ 70தான் வரும். அதை 0.21ஆல் (சாதாரணக் காற்றில் ஒட்சிசனின் பங்கு) வகுத்தால் 333. அதாவது, நோயே இல்லாதவருக்கு 1 புள்ளி! ஏ.ஆர்.டி.எஸ். என்ற திடீர், கடும் நுரையீரல் பாதிப்பை வகைப்படுத்தும் பெர்லின் வரைவிலக்கணம் 1,000 மீட்டருக்கு மேல் இந்த எண்ணை உயரத்துக்கு ஏற்பத் திருத்தச் சொல்கிறது. சோஃபா அட்டவணையில் அப்படித் திருத்தம் இல்லை. ஆகவே புள்ளியைத் திருத்தாமல், பக்கத்தில் ஊரின் உயரத்தை எழுதிவிடுங்கள். கண்டிக்கு மாற்றினால் அங்குள்ள வைத்தியருக்கு அது உதவும்.

இரத்த வாயுப் பரிசோதனை இல்லையென்றால் "இல்லை" என்றே எழுதுங்கள். 0 போட்டால் நோயாளர் நலமாக இருக்கிறார் என்ற பொய்த் தோற்றம் வரும்.

சரி, 10 என்றால் பிழைப்பாரா? ஒருநாள் எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 2001இல் வெளியான பெல்ஜிய ஆய்வில், முதல் 48 மணி நேரத்தில் புள்ளி ஏறியவர்களில் குறைந்தது பாதிப்பேர் இறந்தார்கள். அதுவும் ஒரு கூட்டத்தின் கணக்குதான். இந்தக் கட்டிலில் இருப்பவரின் விதி அல்ல. அதனால் தினமும் ஒரே நேரத்தில் எண்ணி, ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். நம் உதாரணப் பெண்ணுக்கு மூன்றாம் நாள்: பிளேட்லெட் 1,10,000 (1), பிலிருபின் 60 (2), கிரியேட்டினின் 180 (2), சராசரி பிரஷர் 78 (0), கிளாஸ்கோ 15 (0), ஒட்சிசன் வகுத்த எண் 330 (1). மொத்தம் 6.

வாசலில் மகளிடம் புள்ளியைச் சொல்ல வேண்டாம். வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு இப்படிச் சொல்லலாம்: "கிட்னி இன்னும் சரியாகல்ல. ஆனா பிரஷர் ஏறியிருக்கு, கண்ணத் தொறந்து ஒங்க பேரச் சொன்னாங்க. நாளைக்கும் இதே நேரத்துக்கு வாங்க."